ரத்தப் புற்றுநோயோடு மூட்டு மாற்று: இப்போதா, அப்புறமா?

நோய் அடங்கியிருக்கும்போதே முட்டியை மாற்றிக்கொண்டால் வலி குறையும், நடை திரும்பும். ஆனால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைவாக இருந்தால் தொற்று ஆபத்து கூடும். கிருமி புகுந்தால் சில சமயம் செயற்கை மூட்டையே கழற்ற வேண்டிவரும். ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்தால் ரத்தக்கசிவு. இப்ரூட்டினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கு, இதே கசிவுப் பயத்தால், அறுவைக்கு முன்னும் பின்னும் 3 முதல் 7 நாள் அதை நிறுத்தச் சொல்வார்கள். லெனாலிடோமைடு என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து என்றால், மாறாக, ரத்தம் உறையும் கவலை.

சரி, தள்ளிப்போடலாமா? மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ளவர்கள் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையிலேயே காலம் தள்ளினால் சிறுநீரகம் அடிவாங்கும். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச நாள் தாங்கும். போட்டால், தொற்றுப் பயத்தால் அறுவையைச் சுமார் 3 மாதம் தள்ளுவது வழக்கம். அதற்குள் தொடைத் தசையும் இளைத்துவிடும்.

என் கணக்கில், ரத்த எண்ணிக்கை நிலையாக நிற்கும் இடைவெளிதான் நல்ல நேரம். எலும்பு மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் பேசிக்கொள்ளாமல் தேதி குறிக்க விடாதீர்கள்.