மோட்டார்ஹோமுக்குள் கேஸா, டீசலா, மின்சாரமா?

வீடுபோல் உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணிக்கும் வண்டிதான் மோட்டார்ஹோம். அதன் பாதுகாப்பு என்றாலே பேச்சு பூட்டில்தான் ஆரம்பிக்கிறது. எங்கே நிறுத்துவது, கதவுக்கு எத்தனை தாழ்ப்பாள், ராத்திரி யாராவது தட்டினால் என்ன செய்வது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அதே வண்டிக்குள் அடுப்பு, எரிபொருள், படுக்கை மூன்றும் சில அடி இடைவெளியில் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் திருடனைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

சமைக்கவும் குளிர்காயவும் கேஸ், டீசல், மின்சாரம் என்று மூன்று வழிகள் உண்டு. எது பாதுகாப்பானது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. சமைக்கும்போது நாம் விழித்திருக்கிறோம். ஹீட்டர் ஓடும்போது தூங்கிக்கொண்டிருக்கிறோம். ஆகவே அடுப்புக்கு ஒரு தீர்ப்பு, ஹீட்டருக்கு வேறொரு தீர்ப்பு.

முதலில் கேஸ். இதன் பலம் அசாத்தியமானது. 11 கிலோ சிலிண்டர் ஒன்றில் சுமார் 140 கிலோவாட் மணி வெப்பம் அடங்கியிருக்கிறது. 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது இரண்டரைதான். மின் இணைப்பே இல்லாத இடத்தில் நாள்கணக்கில் தங்குகிறவர்கள் கேஸை விடாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆபத்து இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, கசிவு. புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போய்க் கலையாது. தரையோடு தேங்கி நிற்கும். அதற்காகத்தான் சிலிண்டர் பெட்டியின் அடியிலும் வண்டியின் தரையிலும் திறப்புகள் வைக்கிறார்கள். குளிர்காற்று வருகிறது என்று அதன்மேல் மிதியடியைப் போட்டு மூடுகிறவர்கள் உண்டு. இதைவிட மோசமான சிக்கனம் வேறில்லை. கேஸில் நாற்றத்துக்கென்றே ஒரு பொருள் சேர்க்கிறார்கள், சரி. ஆனால் தூங்குகிற மூக்கை நம்ப முடியாது. கசிவு அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும்.

இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று சாதாரணக் காய்ச்சல் மாதிரியே தொடங்கும். வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்ததும் குறைந்தால் காய்ச்சல் என்று நினைக்காதீர்கள். உள்ளே திரும்பிப் போகாமல் மருத்துவ உதவி தேடுங்கள். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வது இந்த விஷயத்தில் முதல் குற்றவாளி. அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்ததெல்லாம் நாம் சுவாசிக்கிற காற்றில்தான் சேரும். போதாததற்கு, ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வெளியாகும். காலையில் சுவரெல்லாம் ஈரம்.

வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். மோதலை உணர்ந்து தானாகவே கேஸை நிறுத்தும் ரெகுலேட்டர் இருந்தால் மட்டும் இதில் கொஞ்சம் தளர்வு உண்டு. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜுக்குள்ளும் ஒரு சுடர் எரிகிறது. பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் முன்பே அதை அணைக்க வேண்டும்.

டீசல் ஹீட்டர் இந்தக் கணக்கை மாற்றுகிறது. எரியும் அறை மூடியது. எரிவதற்கான காற்றை வண்டிக்கு வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே தள்ளுகிறது. உள்ளே வரும் சூடான காற்று அந்தப் புகையைத் தொடுவதே இல்லை. தனி சிலிண்டரும் வேண்டாம். வண்டி டீசலில் ஓடினால் அதன் டேங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பலவீனம் எல்லாம் பொருத்துவதில்தான். புகைக்குழாயின் இணைப்பு தளர்ந்தாலோ, குழாயின் வாய் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தாலோ, பனி மூடி அடைத்தாலோ அதே கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். மலிவாக வாங்கி வீட்டிலேயே மாட்டியதென்றால் நான் அந்த வண்டியில் தூங்க மாட்டேன். அப்புறம், இதை மெயின் சுவிட்சில் பட்டென்று அணைக்கக் கூடாது. குளிர்வதற்குச் சில நிமிடங்கள் தானே ஓடி நிற்கும்.

மின்சாரத்தில் சுடரும் இல்லை, புகையும் இல்லை. அதனாலேயே பலர் இதில் ஆபத்தே இல்லை என்று நம்பிவிடுகிறார்கள். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 165 ஆம்பியருக்கும் மேல் பாய்கிறது. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அந்த வயர் விரல் தடிமனில் இருக்க வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். முறுக்கு தளர்ந்த ஒரு முனை போதும், அந்த இடமே பழுக்கக் காய்ச்சியதுபோல் ஆகிவிடும். கேஸ் நாற்றமாவது எச்சரிக்கும். இது பலகைக்குப் பின்னால் சத்தமில்லாமல் சூடாகும். பேட்டரியில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைத்தான் எடுப்பேன். கட்டுமீறிச் சூடாகித் தீப்பிடிக்கும் வாய்ப்பு மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு. 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

மின் ஹீட்டர் என்றால் வெளி இணைப்பு இருக்கிற முகாமில் மட்டும். மேலே சொன்ன பேட்டரியில் ஓட்டினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இணைப்பு வயரை உருளையில் சுற்றியபடியே விட்டு ஹீட்டரைப் போடாதீர்கள். சுற்றின வயரிலிருந்து சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். முழுவதையும் அவிழ்த்துத் தரையில் போட வேண்டும்.

என் தேர்வு: தூங்கும் நேரத்துக்குத் தொழில்முறையாகப் பொருத்திய டீசல் ஹீட்டர், அல்லது இதே போல மூடிய எரியறையும் வெளிப் புகைபோக்கியும் கொண்ட கேஸ் ஹீட்டர். சமையலுக்கு, பேட்டரி அமைப்பைத் தெரிந்தவர் செய்திருந்தால் இண்டக்‌ஷன். இல்லையென்றால் ஜன்னலைத் திறந்துவைத்து கேஸ். மட்டமான வயரிங்கில் ஓடும் இண்டக்‌ஷனுக்கு ஒழுங்காகப் பராமரித்த கேஸ் அடுப்பு எவ்வளவோ மேல்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்ஜினைப் பார்க்குமுன் கேஸ் ரப்பர் குழாயில் அச்சிட்ட தேதியையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள். அலாரத்தின் உணரிக்கு ஆயுள் உண்டு. பட்டனை அழுத்தினால் ஒலிக்கிறது என்பதற்காக அது வாயுவைக் கண்டுபிடித்துவிடும் என்று அர்த்தமில்லை. தேதி தாண்டியிருந்தால் மாற்றிவிட்டு, புதியதைப் படுக்கையிலிருந்து கேட்கிற இடத்தில் மாட்டுங்கள்.