வீடும் தோட்டமும்: நன்கொடையா, மரணசாசனமா, அப்படியே விடுவதா?

இலங்கையில் இப்போது மரணவரி கிடையாது. அதனால்தான் யாழ்ப்பாணத்தில் பலர் காணியை எழுதாமலே கண்ணை மூடிவிடுகிறார்கள். வரி இல்லைதான், ஆனால் செலவு வேறு வழியால் வரும்.

எழுதாமல் விட்டால் தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டப்படி போகும். முதுசம் (பெற்றோர் வழி வந்த சொத்து) பிள்ளைகளுக்கு, இறந்தவருடைய தேடிய தேட்டத்தில் (கலியாணத்துக்குப் பின் தேடிய சொத்தில்) பாதி உயிரோடிருக்கும் துணைக்கு, மீதி வாரிசுகளுக்கு. முத்திரை வரி ஒரு சதமும் இல்லை, அது உண்மை. பெறுமதி கூடிய ஆதனம் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் அதை நிர்வகிக்கும் அதிகாரம் எடுக்க வேண்டும். அதற்குள் ஒருவர் கனடாவில், ஒருவர் லண்டனில், கையெழுத்து வாங்கவே அட்டோர்னித் தத்துவம் (இன்னொருவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) அது இது என்று இழுபடும். பிரிக்காத பங்கை வெளியாளுக்கு விற்க நினைத்தால், 1947 ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டப்படி முதலில் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

நன்கொடை உறுதிக்கு முத்திரை வரி உண்டு: சந்தைப் பெறுமதியில் ஏறத்தாழ 2 வீதம். அதையே பிள்ளைக்கு விலையுறுதியாக எழுதினால் ஏறத்தாழ 4 வீதம், ஆகவே பிள்ளைக்கு "விற்கிற" நாடகம் வேண்டாம். வீட்டைப் பொறுத்தவரை என் வாக்கு நன்கொடைக்குத்தான். சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதினால் பெற்றோரை யாரும் எழுப்ப முடியாது. ஆனால் எழுதினால் எழுதினதுதான்: பிள்ளை நன்றி கெட்டு நடந்தது என்று சொல்லி நன்கொடையைத் தள்ளுபடி செய்வதற்கு, 2017 சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றம் போயாக வேண்டும்.

தோட்டம் வேறு கதை. யார் செய்யப்போகிறார்கள் என்றே தெரியாதபோது இப்பவே ஏன் நன்கொடை? மரணசாசனத்தை (உயிலை) உயிரோடிருக்கும்வரை எத்தனை தரமும் மாற்றலாம், எழுதும்போது முத்திரை வரியும் இல்லை. இறந்தபின் அதை நிரூபிக்கும் வழக்கு மட்டும் இருக்கிறது. எதில் எழுதினாலும் கிணற்றுப் பங்கு, வாய்க்கால், பாதை மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள், நாலு பரப்பு கிடைத்து இறைப்பு முறை கிடைக்காத ஆள் வெங்காயம் எப்படி வைப்பார்?

அப்புறம் விற்கும் யோசனை இருந்தால், 2018 சித்திரையில் திரும்பி வந்த மூலதன ஆதாய வரியையும் (சொத்தை விற்ற லாபத்துக்கான வரி) கணக்கில் எடுக்க வேண்டும். சொந்தமாக வைத்துக் குடியிருந்த பிரதான வீட்டுக்கு விலக்கு உண்டு, தோட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை பூட்டி வைத்த வீட்டை விற்றால் அதுவும் குடியிருந்த வீடு ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்குக் காணி மாற்றுவதை 2014 சட்டம் கட்டுப்படுத்தினாலும் வாரிசாக வருவதைத் தடுக்கவில்லை.

எந்த வழியில் போனாலும் சோலைவரி (சபைக்குக் கட்டும் ஆதனவரி) கட்டாமல் விடாதீர்கள், பிரதேச சபைப் பதிவில் இன்னும் பேரனாரின் பெயர் கிடந்தால் உறுதி முடிந்த கையோடு மாற்றிவிடுங்கள்.