அம்மா முதியோர் ஹோமுக்குப் போய் மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு – என் அனுபவம்

கோயம்புத்தூர் பக்கத்துல நர்சிங் வசதியோட இருக்கற ஒரு ஹோம்லதான் அம்மா இருக்காங்க. பேர் போடல, ஏன்னா நான் சொல்றது அந்த ஒரு இடத்துக்கு மட்டும் இல்ல, நாங்க சேர்க்கறதுக்கு முன்னாடி ஏறி இறங்கின எல்லா இடத்துக்கும் பொருந்தும். அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் வராது, சுகர் இருக்கு, பிடிச்சு உக்கார வச்சா உக்காருவாங்க ஆனா தானா புரண்டு படுக்க முடியாது. வீட்ல ஆள் வச்சுப் பார்த்தோம், ஏஜென்சில இருந்து வர்ற யாரும் நிலைச்சு நிக்கல, அதனால இங்க.

சேர்க்கப் போறவங்க எல்லாரும் பகல்ல போறாங்க, ரிசப்ஷன், தோட்டம், பிள்ளையார் சிலை, சாப்பாட்டு மெனு எல்லாம் பார்த்துட்டு அட்வான்ஸ் கட்டிடறாங்க. தயவுசெஞ்சு ராத்திரி எத்தனை பேர் டியூட்டில இருக்காங்கன்னு முதல்ல கேளுங்க. கணக்கு ரொம்ப சிம்பிள். புரள முடியாதவங்களுக்கு ஒரே பக்கமா படுத்து படுக்கைப் புண் (பெட் சோர்) வராம இருக்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும்னு சொல்வாங்க. எங்க ஃப்ளோர்ல அந்த மாதிரி 9 பேர், முதல்ல ராத்திரிக்கு 2 அட்டெண்டர்தான் இருந்தாங்க. ஒருத்தரைத் திருப்பி, டயப்பர் மாத்தி, துடைச்சு, தலகாணி வைக்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சா பத்து நிமிஷம். 9 பேருக்கு ஒன்றரை மணி நேரம் போச்சு. மிச்சம் அரை மணிலதான் பெல் அடிக்கறவங்க, பாத்ரூம் போகணும்கறவங்க, வாந்தி எடுக்கறவங்க எல்லாரும். ஒரு அட்டெண்டர் லீவு போட்டா அன்னிக்கு ராத்திரி யாரையும் திருப்ப மாட்டாங்க, அவ்ளோதான்.

இதை நான் நேர்லயே பார்த்தேன். கட்டில் கால்மாட்டுல டர்னிங் சார்ட் தொங்கும், எந்த மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினாங்கன்னு எழுதி சைன் பண்ணணும். ஒரு நாள் சாயங்காலம் 4 மணிக்குப் போறேன், சாயங்காலம் 6 மணி, ராத்திரி 8 மணி கட்டத்துலயும் ஏற்கனவே சைன் இருக்கு. அம்மா மல்லாந்து படுத்திருக்காங்க, வால் எலும்பு இருக்கற இடத்துல ஒரு ரூபா அளவுக்கு தோல் கருத்துப்போய் சூடா இருந்துச்சு. நம்ம நிறத்துக்கு சிவப்பா தெரியாது, இதை நிறைய பேர் கவனிக்க மாட்டாங்க, சுத்தி இருக்கற தோலை விட கருப்பா இல்ல ஊதாவா, தொட்டா சூடா இல்ல கெட்டியா இருந்தா அதுதான் பெட் சோர் ஆரம்பம். அன்னிக்கு மேனேஜர் ரூம்ல சார்ட்டை டேபிள்ல வச்சு கேட்டேன், மத்த குடும்பங்களையும் கூப்பிட்டு பேசினோம், பல வாரம் இழுத்து அப்புறம் ராத்திரிக்கு மூணாவது ஆள் போட்டாங்க. அதுக்கப்புறம் அம்மாவுக்கு புண் வரல. ஏர் பெட் வாங்கிக் கொடுத்தோம், ஆனா ஏர் பெட் இருந்தா திருப்ப வேண்டாம்னு ஸ்டாஃப் நினைக்கறாங்க, அது தப்பு, அதுலயும் திருப்பணும்.

ஒடிசாவுல இருந்து வந்த ஒரு பொண்ணு இருக்கா, தமிழ் கொஞ்சம் கொஞ்சமா பேசுவா. அவ திருப்பற விதமே தனி. முதல்ல "பாட்டி, இந்தப் பக்கம்"னு சொல்லிட்டு அம்மா கையை எடுத்து அவங்க நெஞ்சு மேலயே வச்சுட்டு, அப்புறம்தான் உடம்பைத் தொடுவா. முட்டிக்கு நடுவுல ஒரு தலகாணி, கெண்டைக்காலுக்கு அடில ஒண்ணு, குதிகால் பெட்டைத் தொடாம அந்தரத்துல நிக்கும். சுகர் இருக்கறவங்களுக்கு குதிகால்ல புண் வந்தா ஆறறது ரொம்பக் கஷ்டம். இந்த மாதிரி ஆளுங்க நிக்கறதுக்கு நல்ல சம்பளமும் தூங்க ஒழுங்கான இடமும் வேணும். ஸ்டாஃப் எங்க தங்கறாங்கன்னு காட்டச் சொல்லுங்க, நான் பார்த்த ஒரு இடத்துல மொட்டை மாடி ஷீட் ரூம்ல பாய் போட்டுப் படுத்திருந்தாங்க, அங்க சேர்க்கவே இல்ல.

இன்னொண்ணு குளியல். பல ஹோம்ல விடியக்காலை 4 மணிக்கே எழுப்பிக் குளிக்க வச்சுடுவாங்க, ஏன்னா டே ஷிஃப்ட் வர்றதுக்குள்ள நைட் ஷிஃப்ட் முடிச்சுக் கொடுக்கணும். ஈரத் தரை, தூக்கக் கலக்கம், ராத்திரி போட்ட தூக்க மாத்திரை இன்னும் இறங்கல, எழுந்து நின்னதும் பிபி குறையும், விழாம என்ன செய்வாங்க? பக்கத்து ரூம் ஐயா அப்படித்தான் விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுது. நாங்க எழுதியே கொடுத்துட்டோம், அம்மாவுக்கு 9 மணிக்கு மேலதான் குளியல்னு.

போன வருஷம் அம்மா திடீர்னு ராத்திரி பூரா செத்துப்போன மாமாகிட்ட பேச ஆரம்பிச்சாங்க, சாப்பிடல. "வயசானா அப்படித்தான் சார்"னு சொல்லி தூக்க மாத்திரைக்கு டாக்டர்கிட்ட கேக்கறேன்னாங்க. பகல் டியூட்டி சிஸ்டர் ஒருத்தங்கதான் முதல்ல யூரின் டெஸ்ட் பார்க்கலாம்னு நின்னாங்க. இன்ஃபெக்‌ஷன் இருந்துச்சு, மருந்து கொடுத்து ஒரு வாரத்துல அம்மா பழையபடி என்னைத் திட்ட ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் ரெண்டு நாள்ல ஆள் மாறிப்போனா அது வயசு இல்ல, உடம்புல ஏதோ ஓடுது, சுகர் இறங்கியிருக்கலாம், தண்ணி பத்தாம இருக்கலாம், புது மாத்திரையா இருக்கலாம். தூக்க மாத்திரையோ கட்டிப்போடறதோ உங்ககிட்ட கேக்காம செய்யக்கூடாதுன்னு சேர்க்கும்போதே எழுதி வாங்குங்க.

சாப்பாடு ருசியா இருக்கு, அதுல குறை இல்ல. ஆனா ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு என்ன சாப்பாடுங்கறதை விட எப்படி ஊட்டறாங்கங்கறதுதான் முக்கியம். நிமிர்த்தி உக்கார வச்சு, சின்ன ஸ்பூன்ல, விழுங்கிட்டாங்களான்னு பார்த்து ஊட்டணும், முடிச்சதும் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக்கூடாது. படுத்தவாக்குல ஊட்டினா சாப்பாடு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். மாசா மாசம் எடை எழுதறாங்களான்னும் பாருங்க, ஒரு மாசத்துல 5 சதவீதம் குறைஞ்சா டாக்டர் பார்த்தே ஆகணும்.

செலவு மாசம் 35,000, அதுல டயப்பர், மருந்து, பிசியோ வராது, எல்லாம் சேர்ந்தா 45,000 தாண்டுது. வருஷா வருஷம் ஏத்தறாங்க, எவ்ளோன்னு அக்ரிமெண்ட்ல இருக்கணும்.

வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு. வாட்ஸ்அப்ல பொட்டு வச்சு பூ வச்சு ஃபோட்டோ வரும், மனசு நிறையும். வீடியோ கால்ல குதிகாலையும் இடுப்புக்குக் கீழயும் காட்டச் சொல்லுங்க, அம்மாவா இருந்தா சிஸ்டர் காட்டட்டும், மறைப்போட. நல்ல ஹோம்ல தயங்க மாட்டாங்க. ஊர்ல சொந்தக்காரங்க இருந்தா சொல்லாம கொள்ளாம ராத்திரி ஏழரைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க, அந்த நேரத்துல உள்ள விடமாட்டோம்னா ஏன்னு கேளுங்க. ஏதாவது கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா 14567, மூத்த குடிமக்களுக்கான ஹெல்ப்லைன், இலவசம்தான்.

நாங்க அம்மாவை மாத்தற ஐடியால இல்ல. அந்த மூணாவது நைட் ஆளை எடுத்துட்டாங்கன்னா மட்டும் யோசிப்போம்.