பாரிமுனையில் ‘இம்போர்ட்டட்’ வேட்டைக் கத்தி வாங்கப் போகிறவர்களுக்கு

பாரிமுனைச் சந்துகளில் டார்ச், லைட்டர், பைனாகுலர் விற்கும் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் சில கத்திகள் மினுக்கிக்கொண்டிருக்கும். முதுகுப் பக்கம் ரம்பப் பல், அலகில் ஒரு கழுகுப் படம், கீழே ‘யு.எஸ்.ஏ.’ என்று முத்திரை. ‘ஹன்டிங் நைஃப்’ என்பார்கள். அதில் ஒன்றை 1,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதல் வேலையிலேயே கைப்பிடியோரம் முறிந்தது. கடைக்காரர் பணத்தையும் தரவில்லை, மரியாதையாகப் பதிலும் சொல்லவில்லை. கிடா வெட்டு, ட்ரெக்கிங், தோட்ட வேலை என்று மலிவாக ஒரு நல்ல கத்தி தேடுகிறவர்கள் காசை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு வேட்டையெல்லாம் கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் அந்தக் கதவை ஏறக்குறைய முழுதாக மூடிவிட்டன. ஆனால் எங்கள் குலதெய்வம் மதுராந்தகம் பக்கம். அங்கே கிடா வெட்டினால் தோல் உரித்து மூட்டு மூட்டாகப் பிரிப்பது சித்தப்பா பொறுப்பு. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர் இடுப்பில் செருகியிருக்கும் மடங்காத சின்னக் கத்திக்கும் அதே வேலைதான். கொல்வதற்குத் துப்பாக்கி இருக்கிறது. கத்தி தோலை உரிக்கவும் கறியைப் பிரிக்கவும். நாலு அங்குல அலகு, நுனிப்பக்கம் லேசாக மேலே வளைந்த விளிம்பு, வழுக்காத பிடி, இவ்வளவு போதும். மடக்குக் கத்தி இதற்குச் சரிப்படாது. கீல் இடுக்கில் கொழுப்பும் ரத்தமும் புகுந்தால் கழுவி மாளாது.

“என்ன ரேஞ்சுல சார்?” என்று ஆரம்பித்தார் கடைக்காரர். ஆயிரத்து ஐந்நூறுக்குள் என்றேன். 1,800 சொல்லி 1,450-க்கு இறங்கினார். “ஒரிஜினல் இம்போர்ட்டட் சார், 440 ஸ்டீல், லைஃப்டைம் கியாரண்டி.” ஒரு காந்தத்தை எடுத்து அலகில் ஒட்டிக் காட்டினார். பழைய பேப்பரைத் தூக்கிப் பிடித்துச் சரக்கென்று கிழித்தார். அலகில் ஓடும் பள்ளம் எதற்கு என்றதற்கு, ரத்தம் வழிந்து போவதற்காம்.

இந்த வித்தை ஒவ்வொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், வேறு கடையிலும் இதே நாடகம்தான் நடக்கும். கத்திக்கு ஆகும் ஸ்டெய்ன்லெஸ் ஏறக்குறைய எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டும். மட்டமான 420-இலும் ஒட்டும், உசத்தியான 440சி-யிலும் ஒட்டும். ஒட்டவே இல்லையென்றால், அது பெரும்பாலும் பாத்திரம் செய்யும் 304 வகை. அதைச் சூடேற்றிக் கடினமாக்க முடியாது. ஆக, காந்தம் ஒட்டுவது தரத்துக்குச் சாட்சி ஆகாது. பேப்பர் விஷயமும் அப்படித்தான். எமரி பெல்ட்டில் நாலு இழுப்பு இழுத்தால் வெறும் தகடுகூடப் பேப்பரைக் கிழிக்கும். கூர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் விஷயம். பள்ளம் போடுவது அலகின் எடையைக் குறைக்க. நாலு அங்குலக் கத்தியில் அதுவும் வெறும் அலங்காரம்.

பெரிய மோசடி அந்த ‘440’ முத்திரையில் இருக்கிறது. 440 என்பது ஒரே எஃகு இல்லை. ஏ, பி, சி என்று மூன்று உண்டு. 440ஏ-யில் கார்பன் 0.60 முதல் 0.75 சதவீதம், 440சி-யில் 0.95 முதல் 1.20 வரை. கூர் நிற்பதற்குக் கார்பன்தான் அடிப்படை என்பதால் எழுத்தில்லாமல் வெறும் எண்ணைப் போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. போதாததற்கு, அச்சு வைத்திருப்பவன் எந்த எண்ணை வேண்டுமானாலும் அடிக்கலாம். ‘டமாஸ்கஸ்’ (எஃகு அடுக்குகளைச் சேர்த்து அடித்தது) என்று சொல்லி அலகில் அலைக் கோலத்தோடு வரும் மலிவுக் கத்திகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல நேரம் அந்த அலை மேற்பரப்பில் போட்ட கோலம், அவ்வளவுதான்.

சரி, கோயிலில் நடந்தது. தோல் பாதி உரிவதற்குள் கத்தி வழுக்க ஆரம்பித்தது. விளிம்பை வெயிலில் திருப்பிப் பார்த்தால் அங்கங்கே வெள்ளையாக மினுக்குகிறது. கூராக இருக்கும் விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. மினுக்கினால் அந்த இடம் மடிந்துவிட்டது என்று பொருள். “ஏன்டா, இத வெச்சு வாழப்பழம்கூட உரிக்க முடியாது போலருக்கே” என்றார் சித்தப்பா. அப்புறம் பின்னங்கால் மூட்டில் நுனியை விட்டு லேசாகத் திருகினார். டக்கென்று ஒரு சத்தம். கைப்பிடி அவர் கையில், அலகு மூட்டில். நல்லவேளை, உள்ளங்கையில் சின்னக் கீறலோடு போயிற்று.

முறிந்த இடத்தைப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. அகலமான அலகு கைப்பிடியின் வாயோடு நின்றுவிடுகிறது. அதன் அடியில் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத மரைக் கம்பி ஒன்றைப் பற்றவைத்து, அதைக் கைப்பிடிக்குள் விட்டு, மறுமுனையில் நட்டு போட்டு முறுக்கியிருந்தார்கள். முறிந்தது அந்தப் பற்றுதான். பாதி வட்டம் கருப்பாக இருந்தது, அதாவது அங்கே பற்று பிடிக்கவே இல்லை. மீதிப் பாதி மட்டும் புதிதாக முறிந்து சாம்பல் நிறத்தில் பளபளத்தது. மேலே பித்தளை வளையமும் ரப்பர் உறையும் போட்டு இதை மறைத்திருந்தார்கள்.

பெரம்பூர் பக்கம் எனக்குத் தெரிந்த பட்டறை ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். பேசாமல் ஓர் அரத்தை எடுத்து விளிம்பில் ஓட்டினார். அரம் கடித்துப் பிடித்துத் தூள் உதிர்த்தது. “துவைச்சலே இல்ல. நல்லா ஏறியிருந்தா அரம் வழுக்கிட்டுப் போவும்” என்றார். எஃகு எதுவாக இருந்தாலும், காய்ச்சித் துவைத்து, அதாவது சூட்டோடு எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கி, பிறகு பதமாக இளக்காவிட்டால் கத்தி ஆகாது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத வேலை என்பதால் அங்கேதான் கை வைக்கிறார்கள்.

கடைக்குத் திரும்பப் போனேன். “நீங்க என்ன பண்ணீங்களோ” என்றார். லைஃப்டைம் கியாரண்டி என்ன ஆச்சு என்றால், அது கம்பெனி கியாரண்டியாம், அமெரிக்காவில் கேட்க வேண்டுமாம். பில் கேட்டேன். “கத்திக்கு என்ன சார் பில்லு?” வாங்கிய அன்றும் இதையேதான் சொன்னார்.

பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. திருப்பித் தருவதற்குப் பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணமும் இல்லை. ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபே-யில் கொடுத்திருந்ததால் கடையின் பெயரும் தேதியும் தொகையும் என் கையில் இருந்தன. பில் கிடைக்காத இடத்தில் இது ஒன்றாவது மிஞ்சும்.

இதே பணத்துக்கு என்ன வாங்கலாம்? கைப்பிடியின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் இரும்பு கோடாகத் தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் மரமோ பிளாஸ்டிக்கோ வைத்து ரிவிட் அடித்திருக்க வேண்டும். ஃபுல் டாங் என்பது இதுதான். இது இல்லாமலும் நல்ல கத்தி உண்டு. ஸ்வீடனின் மோரா கம்பானியனில் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை போகாது. ஆனால் அலகும் உள்ளே போகும் பகுதியும் ஒரே துண்டு எஃகு, பற்று கிடையாது. மலிவுக் கத்திகளில் உலகம் முழுக்க நல்ல பெயர் எடுத்தது. 2.5 மில்லிமீட்டர் கனம்தான், தோல் உரிக்க அந்த மெலிவே வசதி. கனமான கத்திதான் உறுதி என்று கடையில் சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் யார் விற்கிறார்கள் என்று பாருங்கள்.

பெயரெல்லாம் வேண்டாம் என்றால் உங்கள் கறிக்கடை பாயிடம் கேளுங்கள். நாள் முழுக்க எலும்பிலிருந்து கறி எடுக்கிறவர் கையில் இருக்கும் கத்தியில் ரம்பப் பல்லும் இருக்காது, கழுகுப் படமும் இருக்காது. அதே வகை, பல கடைகளில் நான் கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. இல்லாவிட்டால் லாரி ஸ்பிரிங் பட்டையில் ஆசாரியிடம் அடித்து வாங்கலாம். ஆனால் அது துருப்பிடிக்கும் எஃகு, நம் ஊர்க் கடல் காற்றுக்குத் துடைத்து எண்ணெய் போடாமல் வைக்க முடியாது. தோல் உறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அலகைத் தின்றுவிடும்.

நீளத்திலும் ஆசைப்பட வேண்டாம். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ போனால் ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வரும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கு என்று செய்தவைக்குத்தான் விலக்கு. ராத்திரி வண்டிச் சோதனையில் ரம்பப் பல் கத்தியை வைத்துக்கொண்டு கிடா வெட்டுக் கதை சொல்லி யாரை நம்பவைப்பது?

கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பினேன். ஜிபே ரசீது, முறிந்த இடத்தின் போட்டோ இரண்டையும் இணைத்திருந்தேன். அதன் பிறகு கடையிலிருந்தே போன் வந்தது. வேறு புதுப் பீஸ் தருகிறாராம், உறை இலவசமாம். அதே மாடலா என்று கேட்டேன். “ஆமா சார், நல்லா மூவ் ஆவுற மாடல்.” பணமாகத்தான் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.