பழைய சிறுவர் சைக்கிளில் மோட்டார்: பிரேக்கைப் பற்றி ஒரு நீண்ட புலம்பல்

பரணில் கிடக்கும் 16 அங்குலப் பழங்காலச் சிறுவர் சைக்கிளுக்கு மோட்டார் பொருத்தலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அப்படி மோட்டார் பொருத்திய என் சைக்கிளின் பின் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடு உருளையை, பிரித்துப் பழுதுபார்த்த அதே வாரத்தில் கேட்டுவிட்டதால், பதில் சற்றுக் காரமாகவே வருகிறது. 24 வோல்ட், 250 வாட் முன்சக்கர ஹப் மோட்டார், கட்டைவிரலால் அழுத்தி மோட்டாரை இயக்கும் த்ராட்டில், கேரியரில் பேட்டரி என்பதே என் அமைப்பு. ஓட்டுவது நான்தான், குழந்தைகளை அதில் ஏற்றுவதில்லை.

பொருத்தும் வேலையைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். முன் ஹப் மோட்டார்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே பெரும்பாலும் 100 மி.மீ. இடைவெளியை எதிர்பார்க்கின்றன, என் ஃபோர்க் அதைவிடக் குறுகலாக இருந்தது. எஃகு என்பதால் நிதானமாக விரிக்க முடிந்தது. மோட்டார் அச்சின் தட்டைப் பக்கங்களுக்கு ஏற்ப, ஃபோர்க்கில் அச்சு உட்காரும் காடியை 10 மி.மீ. அகலத்துக்கு அராவி, அச்சு சுழன்று காடியைப் பிய்த்துவிடாதபடி டார்க் ஆர்மும் பூட்டினேன். பழைய ரிம்மில் கம்பிகளுக்கு 28 துளைகள், மோட்டாரில் 36 என்பதால் அழகான குரோமிய ரிம்மைக் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டியதாயிற்று. இவையெல்லாம் ஒருமுறை செய்தால் முடிந்துவிடும் வேலைகள்.

முடியாத தொல்லை, பின் ஹப்புக்குள் இருந்துகொண்டு, பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக். மின் சைக்கிள்களில் பிரேக் லீவரை இழுத்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் அந்த லீவருக்குள்ளேயே இருக்கும். லீவரே இல்லாத சைக்கிளில் அந்தச் சுவிட்சுக்கு இடமேது? திடீரென நிறுத்த நேர்ந்தால் கால் பின்னால் அழுத்துகிறது, பதற்றத்தில் கட்டைவிரலோ த்ராட்டிலை விடுவதில்லை. முன்சக்கரம் இழுக்க, பின்சக்கரம் பிடிக்க, வண்டி இரண்டு எஜமானர்களுக்கு நடுவே திணறுகிறது. போதாக்குறைக்கு, மோட்டாரில் செல்லும்போது கால்கள் சும்மா இருப்பதால் பெடல்களைத் தாங்கும் கிராங்க் எந்த நிலையிலும் நின்றிருக்கலாம். அது செங்குத்தாக நின்றுவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் பிரேக்குக்குச் சேரும் விசை அற்பமே. பெடலைச் சுழற்றினால் மட்டுமே மோட்டார் இயங்கும்படி சென்சார் வைக்கலாம் என்று முயன்றேன். ஒரே துண்டாக வளைத்துச் செய்த பழைய கிராங்க்கில் அதன் காந்தத் தட்டு நுழையவே மறுத்துவிட்டது.

பின்னர் ஃபோர்க்கின் தலையிலிருந்த மட்கார்டு துளையில் ரிம்மை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் ஒரு காலிப்பர் பிரேக்கைப் பொருத்தி, சுவிட்ச் உள்ள லீவரையும் இணைத்தேன். நிலைமை மேம்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் சைக்கிளின் உருவத்தைக் கண்டதும் காலுக்குப் பழைய பழக்கம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. விளைவு, கோஸ்டர் ஹப் தொடர்ந்து அடிவாங்குகிறது. ஒரு குழந்தையின் எடைக்கும் அதன் மிதிவேகத்துக்கும் செய்த ஹப் அது; வேகம் இரட்டிப்பானால் நிறுத்தும்போது வெப்பமாக மாற வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது, அதற்குமேல் என் எடையும் பேட்டரியும் வேறு. இம்முறை பிரித்தபோது கிரீஸ் உருகி வெளியேறி, மிச்சமிருந்தது கரிப்பிசினாக ஒட்டியிருந்தது. கீச்சென்ற சத்தத்துக்கும் வெடுக்கென்று பிடித்ததற்கும் காரணம் அதுவே.

மோட்டாரைக் குறை சொன்னால் அநியாயம். 26 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 25 கி.மீ. ஓடக்கூடிய சுற்றுவேகம் 16 அங்குலத்தில் ஏறத்தாழ 15 கி.மீ.யாகக் குறைகிறது; அதற்கு ஈடாகத் தரையில் இழுவிசை கூடுவதால், மேட்டில் நின்ற இடத்திலிருந்தே வண்டி சிணுங்காமல் கிளம்புகிறது. இவ்வளவு சிறிய சக்கரம் இவ்வளவு அமைதியாக ஏறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்றும் அதற்காகவே எடுத்து ஓட்டுகிறேன்.

நண்பரே, நீங்கள் செய்ய வேண்டாம். மீறிச் செய்வதானால் மோட்டார் வாங்குமுன் முன்பிரேக் பொருத்த இடமிருக்கிறதா என்று பாருங்கள். என் மதிப்பெண் 5-க்கு 2. நகத்திலுள்ள கிரீஸ் போனபின் கேட்டால் கூடுதலாகச் சொல்வேனோ என்னவோ. வண்டியை விலைக்குக் கேட்காதீர்கள், கொடுப்பதாக இல்லை.