எல்.எம்.317 பவர் சப்ளை: பல வருட உழைப்பில் எது நிற்கும், எது போகும்

1.25 வோல்ட்டிலிருந்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஒர்க் பெஞ்ச் சப்ளைக்கு எல்.எம்.317 என்ற ரெகுலேட்டர் ஐ.சி. (வெளிவரும் வோல்ட்டேஜை நிலையாகப் பிடித்து வைப்பது) இன்றும் நல்ல தேர்வு. நீண்ட நாள் ஓட்டத்தில் இந்த ஐ.சி. தானாகப் பழுதாவது அபூர்வம். பழுதாவதெல்லாம் அதைச் சுற்றியுள்ளவைதான், அதிலும் பெரும்பாலும் சூட்டால்.

டேட்டா ஷீட்டில் 1.5 ஆம்பியர் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 18 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் (ஏ.சி.யை டி.சி.யாக்கும் டயோடுகள்), ஃபில்டர் கெப்பாசிட்டர் கடந்து ஐ.சி.க்கு வருவது சுமார் 24 வோல்ட். வெளியே 5 வோல்ட், 1 ஆம்பியர் எடுத்தால் மீதி 19 வாட்டும் ஐ.சி.யில் சூடாகிறது. ஐ.சி.யின் டிஓ-220 உறையும், அதற்கும் ஹீட் சிங்க்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) நடுவே மின்சாரம் கடக்காமலிருக்க வைக்கும் மைக்கா ஷீட்டும் சேர்ந்து வாட்டுக்கு 5 டிகிரி என்று வைத்தாலே 95 டிகிரி. அறை வெப்பம் 40 என்றால் 135. ஹீட் சிங்க்கின் சூட்டை இன்னும் சேர்க்கவே இல்லை, அதற்குள் ஐ.சி.யின் 125 டிகிரி வரம்பு தாண்டிவிட்டது. எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் போட்டாலும் வரம்புக்குள் வராது; சூடு இன்னும் ஏறினால் ஐ.சி. தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

இதற்கு மலிவான வழி, 9-0-9 வோல்ட், 2 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மரும் ஒரு டூ-வே சுவிட்ச்சும். 5 வோல்ட் வரை நடு வயரையும் ஒரு முனையையும் பிரிட்ஜுக்குக் கொடுங்கள்; அதற்கு மேல் இரு முனைகளையும். அதே 5 வோல்ட், 1 ஆம்பியருக்குச் சூடு ஏறக்குறைய 6 வாட்டாக இறங்கும். இந்த சுவிட்ச் இல்லாத சப்ளையைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

ஃபில்டர் கெப்பாசிட்டர் 4700 மைக்ரோஃபாரட். 1 ஆம்பியரில் ரிப்பிள் (டி.சி.யில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) சுமார் 2 வோல்ட் இருக்கும். 25 வோல்ட் கெப்பாசிட்டர் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. இரவில் லைன் 250 வோல்ட்டுக்கு ஏறி, லோடும் இல்லாவிட்டால் அங்கே 29 வோல்ட் வரை நிற்கும். 50 வோல்ட், 105 டிகிரி ரகம் வாங்கி, ஹீட் சிங்க்கை ஒட்டாமல் வையுங்கள். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கெப்பாசிட்டர் வறண்டதற்கு முதல் அடையாளம், இந்த சப்ளையில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் லோடில் ஹம் (உம்மென்ற இரைச்சல்) அடிப்பது.

ஐ.சி.யின் அவுட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையிலுள்ள ரெசிஸ்டர் ஆர்1. அதற்கு 240 ஓம் போட்ட சர்க்யூட்டுகள் நிறையச் சுற்றுகின்றன. அதில் ஓடுவது 5 மில்லிஆம்பியர்தான். எல்.எம்.317-க்குக் குறைந்தபட்சம் 10 வரை தேவைப்படலாம். லோடு இல்லாதபோது வோல்ட்டேஜ் தானாக மேலே ஏறுவது இதனால்தான். ஆர்1-க்கு 120 ஓமும், வோல்ட்டேஜை மாற்றத் திருகும் 2.2 கே பாட்டும் (மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) போடுங்கள். ஆர்1-ஐ ஐ.சி.யின் அவுட் காலிலேயே சால்டர் செய்ய வேண்டும். டெர்மினலில் கொண்டுபோய் வைத்தால், நடுவிலுள்ள வயரின் 0.05 ஓம்கூட 12 வோல்ட், 1 ஆம்பியரில் கிட்டத்தட்ட அரை வோல்ட்டைத் தின்றுவிடும்.

முதலில் தேய்வது பாட். அதன் நடுக்கால் தொடர்பு விட்டால் வோல்ட்டேஜ் துள்ளும். நடுக்காலை ஒரு ஓரக்காலோடு சேர்த்துக் கட்டினாலும், தொடர்பு விட்ட கணத்தில் வோல்ட்டேஜ் உச்சத்துக்குத்தான் போகும். 5 வோல்ட் போர்டு அதைத் தாங்காது. அடிக்கடி பயன்படுத்தும் வோல்ட்டேஜுகளுக்கு நிலையான ரெசிஸ்டர்கள் வைத்து, ஒவ்வொன்றாக இணைத்துக்கொள்ளும்படி சுவிட்ச் செய்வது மேல். அந்த சுவிட்ச், மாறும்போது பழைய தொடர்பை விடுமுன் புதியதைப் பிடிக்கும் ரகமாக இருக்கட்டும்.

ஐ.சி.யின் உலோக முதுகு அவுட்டோடு இணைந்தது. மைக்கா கிழிந்து ஹீட் சிங்க் பெட்டியைத் தொட்டால் ஷார்ட். மூடுமுன் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.