பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் ‘அதிக ஆட்டங்கள்’ பட்டியல்: ஒரு மதிப்புரை

ஒரே பருவத்தில் மிக அதிகமான ஆட்டங்களில் பந்து வீசிய பிட்சர்கள் யார் என்று அறிய விரும்புவோருக்கு, பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கருத்து. ஷான் ஃபோர்மன் 2000ஆம் ஆண்டு தொடங்கிய இத்தளம், அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் ஆட்டங்களின் பதிவுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இன்றுவரை கட்டணமின்றிப் பார்க்கத் தருகிறது.

பட்டியலின் முதலிடத்தில் இருப்பவர் மைக் மார்ஷல். 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு இருந்த 162 ஆட்டங்களில் 106இல் அவர் பந்து வீசினார். ஒன்றில்கூடத் தொடக்கப் பிட்சராக அல்ல, எல்லாவற்றிலும் இடையில் இறங்கும் ரிலீஃப் பிட்சராகவே. அரை நூற்றாண்டு கடந்தும் இந்த எண்ணை எவரும் நெருங்கவில்லை. அடுத்த இடத்தைத் தலா 94 ஆட்டங்களுடன் கென்ட் டெகல்வியும் (1979) சாலமன் டோரஸும் (2006) பகிர்ந்துகொள்கிறார்கள். இருவரும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியினர். 90 ஆட்டங்களைத் தொட்ட பருவங்கள் ஒன்பதே. அவற்றுள் ஆறு மார்ஷலுக்கும் டெகல்விக்கும் உரியவை. டெகல்வி கடைசியாக அதைச் செய்தபோது அவருக்கு வயது 40 என்பதைப் படிக்கையில் வியப்பு அடங்குவதில்லை.

ஆயினும், இந்தப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. அதில் இருப்பது ஆட்டங்களின் எண்ணிக்கை மட்டுமே. ஒரே ஒரு மட்டையாளருக்கு வீசியவரும் மூன்று இன்னிங்ஸ் (பிட்சர் கணக்கில் ஓர் இன்னிங்ஸ் என்பது மூன்று அவுட்) வீசியவரும் அங்கே சமம். பெயரைச் சொடுக்கினால் திறக்கும் வீரர் பக்கத்தில்தான் உண்மையான உழைப்பு தெரிகிறது. மார்ஷலின் 1974ஆம் ஆண்டு வரிசையில் 208.1 இன்னிங்ஸ் என்று இருக்கிறது. புள்ளிக்குப் பின்னுள்ள எண் எடுத்த அவுட்களைக் குறிப்பது. ஆகவே அது 208 முழு இன்னிங்ஸும் மேலும் ஓர் அவுட்டும். அதே பருவத்தில் தொடர்ச்சியாக 13 ஆட்டங்களில் அவர் வீசியிருப்பதை ஆட்டவாரிப் பக்கத்தில் நாள் நாளாகப் பின்தொடரலாம். ரிலீஃப் பிட்சர் ஒருவருக்கு முதன்முறையாக, ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஏன் கிடைத்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2010இல் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக 92 ஆட்டங்களில் தோன்றிய பெட்ரோ ஃபெலிசியானோ வீசியதோ 62.2 இன்னிங்ஸ் மட்டுமே. இடக்கை மட்டையாளர்களை அடக்குவதற்கென்றே அழைக்கப்பட்ட இடக்கை வீச்சாளர் அவர். அதற்காக அவருடைய சுமை குறைவு என்று எண்ணிவிட முடியாது: தொடர்ந்து மூன்று பருவங்கள், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் அதிக ஆட்டங்களில் வீசிய அவருக்கு, 2011, 2012ஆம் ஆண்டுகளில் தோள் காயத்தால் ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட இல்லை. களத்தில் இறங்குமுன் பயிற்சிப் பகுதியில் வீசும் பந்துகள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னிங்ஸ் எண்ணிக்கையைப் பட்டியலிலேயே பக்கத்தில் தந்திருந்தால் முதல் பார்வையிலேயே இந்த வேறுபாடு புலப்படும். இத்தளத்திடம் நான் வேண்டுவது அது ஒன்றே. பல நிபந்தனைகளை இணைத்துத் தேடுவதற்கு ஸ்டாட்ஹெட் என்ற கட்டணச் சேவை உண்டு. இந்தப் பொருளை அறிய அது அவசியமில்லை. ஆண்டுவாரி முதலிடங்களைத் தரும் பகுதியையும் தவறாமல் பாருங்கள். ஒரு பிட்சர் குறைந்தது மூன்று மட்டையாளர்களுக்கேனும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் (ஓர் அணி மட்டை பிடிக்கும் முறை) முடியும்வரை, வீச வேண்டும் என்ற விதி 2020இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னுமான எண்களை அங்கே அடுத்தடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.